உதட்டுக்குள் ஒரு புண்

கணவரின் சட்டைப் பையை உதறி, முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான்.

கெட்டிக்கார மனுஷன். தடயம் வைப்பாரா?

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு பாதிதான் முடிந்திருக்கிறது. வாய் புண்ணாகிவிடக் கூடாது என்று தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, உப்பும் சமையல் சோடாவும் கலந்து அவள்தான் கொடுக்கிறாள். கொப்பளித்துத் துப்பும்வரை பக்கத்திலேயே நிற்பாள். வீட்டில் மிளகாய் என்ற பேச்சே இல்லை.

அப்படியும் இன்று காலை நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வாயெல்லாம் சுத்தமா இருக்கு. கீழுதட்டுக்குள்ள மட்டும் எப்படிம்மா புண்ணு? திரும்ப சிகரெட் பிடிக்கிறாரா? இது பெருசானா கதிர்வீச்சையே நிறுத்திவைக்க வேண்டி வரும்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே அவளுக்குப் பொறி தட்டியது.

தையல் கடையைப் பூட்டி வீட்டில் ஓய்வெடுக்கிறார் என்றுதான் பேர். மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் போதும், பின்னறைக் கதவு சாத்திக்கொள்கிறது.

ஒரே ஆறுதல், உடம்பு இளைக்கவில்லை. எடை பார்க்கும் அறைக்குள் அவர் மட்டும் போய்விட்டு வந்து, "அப்படியேதான் இருக்கு" என்பார். முகம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், சட்டை முன்போலவே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

இப்போதும் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"உள்ள என்னங்க பண்றீங்க?"

"ம்ம்."

வாயைத் திறக்காத 'ம்ம்'. கதவைத் தள்ளினாள். தையல் மெஷின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

அவர் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"எதுவா இருந்தாலும் இதுல துப்புங்க."

நாலைந்து குண்டூசிகள் விழுந்தன.

"தைக்க உட்கார்ந்தா கை தானா உதட்டுக்குப் போயிடுது" என்றார், பிடிபட்ட பிள்ளை மாதிரி.

சிகரெட் இல்லை. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"கடையைத்தான் பூட்டியாச்சே. யாருக்கு இந்தத் தையல்?"

அவர் மெஷின் மேல் கிடந்த துணியைக் கையால் மூடினார். அவள் உருவி எடுத்தாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போட எடுத்துவைத்திருந்த அவருடைய நீலச் சட்டை.

உள்பக்கம் திருப்பினாள். பக்கவாட்டில் பழைய தையல் பிரித்த தடம். அதற்கு ஒரு விரல் உள்ளே புதுத் தையல். அதற்கும் உள்ளே, இப்போதுதான் குத்திய குண்டூசி வரிசை.

இத்தனை நேரமும் அவள் பைகளை மட்டும்தான் துழாவியிருந்தாள்.