அந்த ஒரு நாள்

தொழிற்சாலை விபத்தில் மகன் ரூபன் இறந்ததற்கான நஷ்டஈட்டு வழக்கை ஜெசிந்தாவும் கணவர் சூசையும் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். நடந்ததை எங்கும் பேசக் கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. அதனால் விபத்து நடந்த அந்த ஒரு நாளின் நினைவை மட்டும் கம்பெனி டாக்டர்கள் இருவர் மூளையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா கேட்டாள்.

"அன்னைக்குக் காலையில அவன் சாப்பிட்டுட்டுப் போனானா?"

"தெரியலையே," என்றார் சூசை.

அவள் எழுந்து பக்கத்து வீட்டு மரகதத்திடம் போய்க் கேட்டாள்.

"சாப்பிட்டானான்னு தெரியாதுக்கா. வேலைக்குக் கிளம்புறப்போ வாசல்ல நின்னு உங்ககிட்ட என்னமோ சொன்னான்," என்றாள் மரகதம்.

"என்ன சொன்னான்?"

"எனக்குக் கேக்கலை. நீங்க சிரிச்சீங்க."

ஜெசிந்தா தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமாவா சிரிச்சேன்?" என்று கேட்டாள்.