மாற்றிப் போட்ட ஊசி

மலைச்சரிவில் கூடாரத்தின் மஞ்சள் துணி காற்றில் படபடக்கிறது. சின்ன அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. நர்ஸ் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளைப் பார்க்க, நாற்பது வருஷம் கழித்துக் கடல் தாண்டி வந்திருக்கிறேன்; ஊர் சுற்றிக் காட்ட என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள். அவள் தன் வீட்டுக்காரரிடம் கதை சொல்கிறாள். "இவ ஒருநாள் ஊசி மருந்தை மாத்திப் போட்டுட்டா." "அடக் கடவுளே! ஆளு பொழச்சாரா?" "அவரு பொழச்சாரு, இவ வேலைதான் பொழைக்கல!" இருவரும் சிரிக்கிறார்கள். ஊசி போட்டது அவள். அதற்கு அடுத்த வாரம் அவள் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏற இருந்தாள். அழுதாளே என்று, நான் போட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு ஒரு வார்த்தை சொல்வாள் என்றுதான் இத்தனை தூரம் வந்தேன். அவள் கண்ணையே பார்க்கிறேன். அதில் கள்ளம் தெரிந்தால்கூட மனசு ஆறும். தெரியவில்லை. சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். "என்னடி, வாயில கொழுக்கட்டையா? கோவமா?" "இல்லடி, நீ சொல்லு." தேநீர் பொங்குகிறது. இறக்கிவைக்கக் கை நீட்டுகிறேன். "நீ தொடாத தாயே!" என்று சிரித்துக்கொண்டே என் கையை விலக்குகிறாள். "இவ கையை நம்பக்கூடாதுங்க."