அறுபதைத் தாண்டாத கார்

“மூணாவது தடவையா வர்றேன் தம்பி! அறுபதைத் தாண்ட மாட்டேங்குது. ரோட்டுல சைக்கிள்காரன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கறான்!”

பெரியவருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடம் தபால் இலாகாவில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் வேகம் பிடித்தது.

மெக்கானிக்குக்கு மானப் பிரச்சினை. “இதே கோளாறோட இன்னொரு தடவை வந்தீங்கன்னா, வாசல்ல தொங்கற போர்டை நானே கழட்டிடறேன் சார்.”

“மெதுவாப் போனாத்தான் என்னப்பா?” என்றபடி மகள் காரிலிருந்து இறங்கினாள்.

“நீ சும்மா இரு. இவளுக்கு பானெட் எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாது தம்பி.”

மகள் வெள்ளைக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடக்கமாக நின்றாள்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். “டர்போவுல காத்தழுத்தம் எகிறுது சார். எஞ்சின் பயந்து, தானா வேகத்தைக் குறைச்சுக்குது.”

“ஓட்டற எனக்கே பயமில்லை, அதுக்கென்னய்யா பயம்?”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அதிகப்படி அழுத்தத்தை வெளியேற்றும் கதவை இயக்குகிற சின்ன ரப்பர் குழாய் இந்த முறையும் கழன்று தொங்கியது. போன தடவைதான் புது கிளிப் போட்டிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே மாட்டி இறுக்கினார்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாம் சார்.”

“நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உட்காரு.”

பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு முறை, நடைபாதை மேல் ஒரு முறை. தன் பக்கம் இல்லாத பிரேக்கை மெக்கானிக் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தார். ஸ்கேனரைப் பார்க்க வேண்டிய கண்கள் இறுக மூடியிருந்தன.

“நூத்தி நாப்பது! கெட்டிக்காரன்யா நீ!”

மெக்கானிக் கதவைத் திறந்து வேகமாக இறங்கினார். “உள்ள போய் ஒரு காபி குடிங்க சார். கடைசியா ஒண்ணே ஒண்ணு பார்த்துடறேன்.”

பெரியவர் உள்ளே போனதும் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். குழாயைப் பிடுங்கிவிட்டு, மகள் பக்கம் திரும்பினார்.

“போர்டு போனாப் போகட்டும்மா, இன்னிக்கு குழாயை நானே கழட்டிட்டேன். அடுத்த தடவை நீங்க கழட்டினா, கையில இருக்கற கிரீஸைத் துடைச்சிட்டு அந்த வெள்ளைப் பையைத் தொடுங்க.”