உடன் வாழவில்லை

அலுவலர் நீட்டிய மனுவை அவள் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் பொண்ணுக்கு அப்பாக்காரர் ஏற்கெனவே மனு போட்டுட்டாரும்மா," என்றார் நலவாரிய அலுவலர். "ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்தான் படிப்பு உதவித்தொகை கேக்கலாம்."

அப்பாக்காரர்.

நாலு வருசமாக வேறொருத்தி வீட்டில் சோறு தின்கிறவன். அவனும் கட்டட வேலைதான், அவனிடமும் வாரிய அட்டை இருக்கிறது. மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால் விழிப்பான்.

அடுத்த வாரம் அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும்.

காகிதத்தின் ஓரத்தில் பாக்குக் கறை. பக்கத்தில் அவன் கைநாட்டு.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். நாற்பது வயதுக்கு மேல் கற்றது. மெதுவாகத்தான் வரும்.

சார்ந்திருப்போர்: மகள் எழிலரசி.

தாய்: உடன் வாழவில்லை.

அந்த ழ. வால் கோட்டுக்குக் கீழே இறங்கி, சுருண்டு, மறுபடி மேலே ஏறியது.

அப்படி ழ போடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். சொல்லிக் கொடுத்த மகள் ஒருத்தி. சிமெண்டுச் சாக்குத் தாளில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதியவள் இன்னொருத்தி.

போன மாதம் மகள் காலில் புதுச் செருப்பு. சிநேகிதி கொடுத்தாள் என்றாள்.

ஒரு ஜோடிச் செருப்பு.

அவளை இவ்வளவு மலிவாகவா வாங்கினான்.

"பிள்ளை உங்கிட்டதான இருக்கு?"

"எங்கிட்டதான் சார்."

"அப்ப இது பொய். எழுதிக் குடுத்தது யாருன்னு விசாரிப்போம். அந்த ஆளையும் விடக் கூடாது." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு மனுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இரு, இரு. உன் மனுவுலயும் இதே எழுத்துல்ல இருக்கு? புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டு நாடகம் போடுறீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ரெண்டும் நான் எழுதுனதுதான் சார். அந்த நாய்க்கு எழுதத் தெரியாது."

"ரெண்டும் தள்ளுபடியாயிரும். தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான்."

அவர் இரண்டு தாளிலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்தார். மேசையில் அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கிட்டுக் கெளம்பு. அடுத்த ஆளு வா."

தன்னுடையதை அங்கேயே விட்டாள்.

மற்றதை நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.