இல்லையென்று சொல்லாத கிணறு

கொட்டாம்பட்டி வெயில் கிணற்றுக்குள் பாதிதான் இறங்குகிறது. எரிவாயு தேடித் துளை போடும் கம்பெனியின் டேங்கர் லாரி கிணற்றடியில் உறுமியபடி சேவுகனின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே அவன் வயலில், பால் பிடிக்க வேண்டிய கதிர்கள் வெளுத்துச் சாய்ந்திருக்கின்றன. "இன்னும் ஒரு தண்ணி பாய்ச்சினா நெல்லு பொழச்சிரும். இவங்ககிட்ட ஏன்யா சரின்னு சொன்ன?" என்கிறாள் அவன் மனைவி பாண்டீஸ்வரி. "தண்ணின்னு வாய்விட்டுக் கேட்டாங்க. இல்லேன்னு எப்பிடிச் சொல்ல?" "குடிக்கவா கேட்டாங்க? மிஷினுக்கு நாக்கு வறண்டு போச்சாக்கும்!" சேவுகன் கதிர்களைப் பார்க்காமல் நிற்கிறான். கீழே குழாய் வெறும் காற்றை இழுத்து இரைகிறது. "அண்ணே, ஓஸ் எட்டல," என்கிறான் டிரைவர். சேவுகன் குனிந்து, இரண்டு கைகளாலும் குழாயைப் பிடித்து, மிச்சமிருக்கும் தண்ணீருக்குள் மெல்ல இறக்குகிறான்.