நடு முற்றம்

"கடை இங்கிலீஷ்காரன் மண்ணுல. வூடு பிரெஞ்சுக்காரன் மண்ணுல. நடுவுல எல்லைக்கல்லு. புரியுதா மேஸ்திரி?" என்றார் மணவாளன்.

மேஸ்திரி சூசைநாதனுக்கு நன்றாகவே புரிந்தது. திருக்கனூர் ஓரத்தில் எல்லைக்கல் நிற்கிற மனையாகத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார் மனுஷன். மளிகை வாங்குகிற சனம் இங்கிலீஷ் பக்கம். அதனால் கடை அங்கே. மகள் செங்கமலத்துக்கு வயசு பத்து. பதினாலுக்கு முன்னால் பெண்ணுக்குத் தாலி ஏறினால் தண்டனை என்று இங்கிலீஷ்காரன் புதுசாகச் சட்டம் போட்டிருந்தான். பிரெஞ்சுப் பக்கம் கேட்பாரில்லை. அதனால் வீடு இங்கே. தை மாதம் புது வீட்டிலேயே கல்யாணம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பெண் கொஞ்சம் வளரட்டுமே என்று மனைவி கனகாம்பாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். போய் அடுப்பைப் பார் என்றார். அப்புறம் அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் வீட்டைப் பற்றித்தான்.

"பாகூர்ல எங்க தாத்தா வூடு மாதிரியே கட்டுங்க மேஸ்திரி. முன்னால கடை, பின்னால வூடு, நடுவுல முற்றம். எங்க வம்சத்துல கல்யாணம்னா நடு முற்றத்துலதான்."

அந்த வீடு எப்போதோ கைமாறி இடிந்தும் போய்விட்டதாம். தூணில் செதுக்கிய வாழைப்பூ வரைக்கும் அவள் சொல்லச் சொல்ல, சூசைநாதன் மணலில் கோடு போட்டார். எல்லைக்கல் சர்க்கார் சொத்து, அசைக்கக் கூடாது. அது நடு முற்றத்தில் அமைந்ததில் மணவாளனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெண்டாட்டி பெரிய வீட்டு வம்சம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

தை பிறந்தது. வழக்கப்படி நடு முற்றத்தில் பந்தக்கால் நட்டு, அதோடு சேர்த்தே மணவறை கட்டினார்கள். இரண்டு மணைப்பலகையும் பிரெஞ்சுப் பக்கம் இருக்கும்படி மணவாளனே பார்த்துப் போட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா சிங்காரவேலு இங்கிலீஷ் கிராமம் ஒன்றின் மணியக்காரர். முகூர்த்தத்துக்கு முன் மணவறையைச் சுற்றி வந்தவர் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உக்கார்றது பிரெஞ்சு மண்ணு, சரி. அக்கினிய சுத்தி வர்றப்போ பாதி சுத்து இங்கிலீஷ் மண்ணுல இல்ல வருது? எவனாவது மொட்டைப் பெட்டிசன் போட்டா என் உத்தியோகம் இன்னா ஆவறது?"

மணவறையை நகர்த்திவிடலாம் என்று பதறினார் மணவாளன். நட்ட பந்தக்காலைப் பிடுங்கிக் கட்டுகிற தாலி தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சிங்காரவேலு. மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்த வழியே திரும்பின. மணவாளன் வண்டிக்குப் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினார்.

கனகாம்பாள் மகள் கழுத்து மாலையைக் கழற்றினாள். செங்கமலம் லட்டு இருக்கிற பக்கம் ஓடிவிட்டாள்.

சூசைநாதனுக்கு மனசு கேட்கவில்லை. "உங்க தாத்தா வூட்டு முற்றத்துல அத்தினி கல்யாணம் நடந்துச்சு. நான் கட்டினதுல இப்படி ஆயிடிச்சேம்மா."

"எங்க தாத்தா வூட்டுக்கு ஏது மேஸ்திரி முற்றம்?" என்றாள் கனகாம்பாள், மாலையை எல்லைக்கல்லுக்குப் போட்டபடி. "அது ஒத்தை ரூம்பு கூரை வூடு."