ஒரே எண்

அறையில் இருந்தவர்கள்: மூச்சு இயந்திரத்தோடு கட்டிலில் மரகதவல்லி, அவள் கணவர் தணிகாசலம், இயந்திரம் பொருத்தும் நான், போனில் என் மேலாளர்.

இயந்திரம் நின்றுவிட்டது. சிலிண்டரில் நாற்பது நிமிடக் காற்று.

காலையில் எதிர்வீட்டு ராமபத்ரன் சாரின் மூச்சு இயந்திரத்துக்கு, அலுவலக சர்வரோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு போட்டேன். அதே செட்டிங்கை அப்படியே இங்கும் ஏற்றினேன். ஒரு நாளைக்கு முப்பது வீடு. எல்லோரும் அப்படித்தான் செய்வோம். கடைசி எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். மறந்துவிட்டேன். ஒரே எண்ணில் இருவர் இருந்தால், சர்வர் முதலில் வந்தவருக்குத்தான் மூச்சு கொடுக்கும். எண்ணை ஏற்றியதும் கார்டு பூட்டிக்கொள்ளும்; அலுவலகம்தான் திறக்கும்.

"தொறந்து விடுங்க சார், நம்பர மாத்திடறேன். அந்தம்மா செத்துடும்."

"அப்ளிகேஷன் போடு. மூணு நாள் ஆகும். எங்கிட்ட கத்தாத, தப்பு உன்னுது."

தணிகாசலம் என் சட்டையைப் பிடித்தார்.

"அந்த நம்பர் இப்ப யாருக்குடா ஓடுது?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அது நின்னா இவளுக்கு வந்துடுமா?"

என் கண் எதிர்வீட்டுப் பக்கம் போனது. அவருக்கு அதுவே போதும்.

என் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். எழுந்து வந்து திறக்க முடியாததால் ராமபத்ரன் சார் கதவைத் திறந்தே வைத்திருப்பார். தணிகாசலம் உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.